கரையடி மாடனிடம் காவல் மாற்றிய ராத்திரி

ஆறுமுகம், பேச்சி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறுமுகம், போன வாரம் நீ, "படுத்தா கண்ணை மூட முடியலப்பா, என்னமாவது நெனப்பு ஓடிக்கிட்டே இருக்கு" என்றாய். அதற்குப் பதில் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சௌமிய வருஷம் மாசி மாதம் உங்கள் அம்மை பேதியில் போனாள். காலையில் உலை வைத்தவள், விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை. பேச்சிக்கு அப்போது நாலு வயது. பதினாறாம் நாள் முடிந்ததும் ஆழ்வார்திருநகரி மாமா வந்தார். "அத்தான், நீங்க இருக்கிற இருப்புல பிள்ளைகளை யாரு பாப்பா? நான் கூட்டிக்கிட்டுப் போறேன். புரட்டாசி அறுப்புக்குள்ள நீங்க தேறி, வேலையில நிலையா நில்லுங்க. நானே கொண்டாந்து விடுதேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வண்டி குளத்துக்கரை திரும்புகிற வரை பேச்சி என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனாள். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

நான் ஊர்க் குளத்துக்கு மடைக்காவல். முன்பு என்னோடு சுப்பையா என்று ஒருவன் இருந்தான். பாதி ராத்திரி நான், பாதி ராத்திரி அவன். காவல் மாற்ற ஒரு முறை உண்டு. போகிறவன் ஒவ்வொரு மடையும் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "மேல்மடை அடைப்பு, நடுமடை அரைத் திறப்பு, கீழ்மடை அடைப்பு." வருகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் இவன் போகலாம். பிறகு எது நடந்தாலும் இவனைக் கேட்க முடியாது. சுப்பையா திருப்பிச் சொல்லி முடிக்குமுன்பே எனக்குக் கண் சொருகிவிடும்.

உங்கள் அம்மை போவதற்கு முந்தின தை மாதமே அவன் தூத்துக்குடி போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான். "ராத்திரி மூணு மடையையும் அடைச்சிட்டுப் படும்வே. விடியத் திறந்தா போதும்" என்று ஊரார் சொல்லிவிட்டார்கள்.

அடைத்துவிட்டுக் கரைமேல் குடிசையில் படுப்பேன். சரியாக அடைத்தோமா? எழுந்து போய்ப் பார்ப்பேன். அடைத்துத்தான் இருக்கும். திரும்பி வந்து படுத்தால், ஆறுமுகத்துக்கு இருமல் நின்றிருக்குமா? பேச்சி யார் பக்கத்தில் படுத்திருப்பாள்? பேதி அந்த ஊருக்கும் போய்விட்டால்? பிறகு மறுபடியும் மடை. ஒரு நினைப்பு முடியுமுன் இன்னொன்று அதன் மேல் ஏறி நிற்கும். உங்கள் அம்மை இருந்தால், "பேசாமப் படும், காலையில பாத்துக்கிடலாம்" என்பாள். அப்படிச் சொல்ல அங்கே ஒரு குரல் இல்லை. தவளைச் சத்தம் மட்டும்தான்.

ஆனி மாதம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து குளம் பெருகியது. நாற்றுப் பாவியிருந்த நேரம். ஒரு ராத்திரி நாலு தடவை எழுந்து போனேன். நாலாவது தடவை கீழ்மடைப் பலகையைத் தொட்டதும் திறந்திருப்பதாகத் தோன்றியது. அடைப்பதாக நினைத்துக்கொண்டு தூக்கிவிட்டேன். விடிந்து பார்த்தால், கீழ்மடையில் நிலம் வைத்திருந்த பிள்ளை ஐயாவின் நாற்றங்கால் முங்கிக் கிடக்கிறது. முளைவிட்ட விதை பாதி மிதந்து வரப்போரம் ஒதுங்கிவிட்டது.

"ஏலே, தூக்கத்துல எந்திரிச்சு நடக்கியா?" என்றார் அவர்.

"தூங்கினாத்தானேய்யா நடக்கதுக்கு" என்றேன்.

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா வேற ஆளுதான். பொறவு எங்கிட்ட வந்து நிக்காத."

வேற ஆள் என்றால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் நீங்கள் இல்லை.

அன்று அடைத்துவிட்டுக் குடிசைக்குப் போகப் பயமாக இருந்தது. மருதமரத்துப் பக்கம் குளத்தைக் காக்கிற கரையடி மாடன் பீடம் இருக்கிறதே, அங்கே போய் நின்றேன். வருஷத்துக்கு ஒருமுறை கோவில் கொடைக்குக் கும்பிடுவதோடு சரி. தனியாக ஒருநாளும் அவரிடம் பேசினதில்லை. கையில் சூடம்கூட இல்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் அழுதேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே முறையில் சொன்னேன்.

"சாமி, நீயும் காவக்காரன், நானும் காவக்காரன். காவல் மாத்துதேன், கேட்டுக்கோ. மேல்மடை அடைப்பு. நடுமடை அடைப்பு. கீழ்மடை அடைப்பு." அதோடு நிறுத்த முடியவில்லை. "ஆறுமுகம் மாமன் வீட்டுல இருக்கான், இருமல் உண்டு. பேச்சி அங்கன இருக்கா, ராத்திரி அழுவா. வேலை இன்னைக்கு இருக்கு. அவ இல்ல."

சரியாக்கு என்று எதையும் கேட்கவில்லை. எது எப்படி இருக்கிறதோ அப்படியே சொன்னேன்.

பிறகு காத்திருந்தேன். அவர் திருப்பிச் சொன்னால்தானே நான் போகலாம்? முறையை மீறி எழுந்து போக மனசு வரவில்லை. பீடத்தில் சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகத்தில் வெயில் அடித்தபோது விழித்தேன். நாலு மாதத்தில் அதுதான் முதல் தூக்கம். பதறி ஓடினேன். மூன்று மடையும் நான் சொன்னபடியே இருந்தன. கரையிலேயே விழுந்து கும்பிட்டேன்.

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மூன்று தரம் சொல்லியும் தூங்காமல் கிடந்த ராத்திரிகள் உண்டு. உங்கள் அம்மை இல்லாத குறை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் எழுந்தெழுந்து போய் மடையைத் தொடுகிற பழக்கம் விட்டது. வேலை நிலைத்தது. புரட்டாசியில் மாமா சொன்ன சொல் தவறாமல் உங்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

அதனால் சொல்கிறேன். படுக்கையில் கிடந்து கவலையைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றாக அதன் நிலையைச் சாமியிடம் சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பில் அவர் வந்துவிடுகிறார். நான் கண்டது அது.

நீங்கள் வந்த அன்று நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பாயில் தூங்கிவிட்டீர்கள். பக்கத்தில் மாமா படுத்திருந்தார். நான் மட்டும் எழுந்து கரைக்குப் போனேன். என் துண்டை உதறி, பீடத்துக்கு முன்னால் விரித்தேன். "இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன். நீ செத்த நேரம் படு சாமி" என்றேன். மூன்று மடையின் நிலையையும் நானே திருப்பிச் சொல்லிவிட்டு, விடியும்வரை கரையில் நடந்துகொண்டிருந்தேன்.