பளபளவென்று இரண்டு போல்ட்

மறைமலை நகரில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையில் போல்ட்டுகளுக்கு ஜிங்க் முலாம் பூசுவோம். யாராவது வேலையை விட்டுப் போவதாக இருந்தால், கூட வேலை செய்தவனின் வண்டியிலிருந்து துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றி, தொட்டியில் முக்கி, பளபளவென்று திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் பழக்கம். துபாய்க்குக் கிளம்பிய என் சிநேகிதனும் அதைத்தான் செய்தான். என் பைக்கின் முன் டிஸ்க் பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு.

அவன் விமானம் ஏறிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கெட்டி ரக எஃகுக்கு முலாம் பூசினால், கையோடு ஓவனில் வைத்து மணிக்கணக்கில் சூடாக்க வேண்டும். தொட்டியில் கிளம்பும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும், சூட்டில்தான் வெளியேறும். இல்லாவிட்டால் போல்ட் பார்வைக்குப் புதுசாக இருக்கும், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் கொஞ்சம் நீளும். ஒரு நாள் பட்டென்று முறியும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இதையெல்லாம் பட்டறை சூப்பர்வைசர் விளக்கியபோது பாதி புரியவில்லை. பயப்பட வேண்டிய பாதி மட்டும் நன்றாகப் புரிந்தது.

பின்னால் உட்காருகிறவள் என் மனைவி. அப்போது மாசமாக இருந்தாள்.

"கடையில வேற வாங்கி மாட்டுங்களேன்" என்றாள்.

"அவன் ஓவன்ல வெச்சிருந்தான்னா? போன் வரட்டும், கேட்டுக்கலாம்."

"அவர் துபாய்லேர்ந்து பதில் சொல்ற வரைக்கும் எனக்கு ஷேர் ஆட்டோவா? நல்லா இருக்கு!"

அவன் கையால் முறுக்கிவிட்டுப் போனதைக் கழற்ற மனம் வரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வண்டி சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலோடு நின்றது. வேலைக்கு நான் தாம்பரம் போய் ரயில் பிடித்தேன். முன்பெல்லாம், வண்டி மக்கர் செய்யும் நாட்களில், அவனும் நானும் ரயிலில்தான் போவோம். கூடுவாஞ்சேரி தாண்டினால் டிபன் டப்பாவைத் திறந்து, கேட்காமலே என் பங்கை மூடியில் வைப்பான். இப்போதும் கூடுவாஞ்சேரி வந்ததும் பசித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, செல்போனில் நீளமான நம்பர்.

"இன்னா மச்சான், உயிரோட கீறியா?"

"கீறேன்டா. நீ சாப்டியா?"

"அத்த வுடு. மொதல்ல அந்த போல்ட்டக் கழட்டு. அன்னிக்கு கரண்ட் பூட்ச்சு, ஓவன்ல வெக்கல. காலைல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். விசா, ஏர்போர்ட்டுனு ஒரே பேஜாரு, மறந்துட்டேன். இங்க படுத்தா அதே நெனப்பு."

"நான் வண்டியவே எடுக்கலடா."

ஓவென்று சிரித்தான். "தெரியும்டா பயந்தாங்கொள்ளி! நீ தொட்டிருக்க மாட்டேன்னு தெரியும். தெரிஞ்சும் பயந்துகினே கெடந்தேன். உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு."

எப்போது வருவாய் என்று நான் கேட்பதற்குள் அவன் போன் கார்டு தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்தேன். அழுத்தமாக முறுக்கியிருந்தான், லேசில் வரவில்லை. கடையில் வாங்கிய கறுப்பு போல்ட்டுகளை மாட்டி, மனைவியை உட்காரவைத்து ஏரியை ஒரு சுற்று வந்தேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. அவன் கை பட்டது எதுவும் இனி அந்த வண்டியில் இல்லை.