அம்மா அறைக்கு எந்த கிரேட் பலகை?

இன்று மதியம் முழுக்க ஈப்போ டவுனில் ஒரு மரத்தரைக் கடையில்...

வீட்டுக்கு வந்த பிறகும் படபடப்பு அடங்கவில்லை. யாரிடமாவது சொன்னால்தான் ஆகும் என்று எழுதுகிறேன்.

அம்மா போன மாதம் குளியலறை வாசலில் டைல்ஸ் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அறை வாசலில் நிற்கிறேன். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பாரா என்பதுதான் எந்நேரமும் ஓடும் நினைப்பு.

குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் அவர் அறைக்கு மட்டுமாவது மரத்தரை போடலாம் என்று முடிவு செய்தோம். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. கண் மங்கல், ஞாபகமும் இப்போதெல்லாம் தடுமாறுகிறது. அதனால் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

கடையில் சேகர் அண்ணன் என்பவர்தான் எங்களைக் கவனித்தார். ஓக் மரப் பலகையில் இரண்டு சாம்பிள் துண்டுகளை எடுத்துப்போட்டு, “இது செலெக்ட் கிரேட், இது ரஸ்டிக் கிரேட்” என்றார்.

கிரேட் என்றதும் எனக்குப் பரீட்சை ரிசல்ட்தான் ஞாபகம் வந்தது. எத்தனை ஏ எடுத்தாய் என்று கேட்டே வளர்த்த மண்டை இது. முதல் கிரேட் பாஸ், கடைசி கிரேட் பெயில், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். (எஸ்.பி.எம். பரீட்சை எழுதியவர்களுக்குப் புரியும்.)

“அண்ணே, ரஸ்டிக்னா கழிச்சுப் போட்டதா? சீக்கிரம் ஒடைஞ்சுடுமா?”

“ஒடையாதும்மா. அதே மரம், அதே தடிப்பு. இந்த கிரேட் பார்வைக்குத்தான்லா. கணு எவ்ளோ இருக்கு, கருப்புக் கோடு எவ்ளோ இருக்கு, கலர் எவ்ளோ மாறுது... அதைப் பார்த்துப் பிரிக்கிறாங்க.”

“கணுவுல ஓட்டை இருக்குமே?”

“கருப்புப் பசை போட்டு அடைச்சுத்தான் வரும்.”

“அது வழியா கறையான் பூந்துடுமா?”

“கறையான் கணு பார்த்து வராதும்மா, ஈரம் பார்த்து வரும்.”

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் சிரித்தார். “வாணி, அண்ணனைக் கொஞ்சம் மூச்சு விட விடு. ரஸ்டிக்கே நல்லாத்தான் இருக்கு, உயிரோட்டமா இருக்கு. விலையும் கம்மி. போடலாம்லா.”

என் கையில் இருந்த ரஸ்டிக் துண்டில் ஒரு கணுகூட இல்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

“ஒரு துண்டுல ஒண்ணும் தெரியாதும்மா,” என்றார் சேகர் அண்ணன். “இருங்க, ஒரு பெட்டியப் பிரிச்சே காட்டுறேன்.”

தரையில் பலகைகளை வரிசையாகப் பரப்பினார். அங்கங்கே கருங்கணுக்கள், நீளநீளமான கருப்புக் கோடுகள். அழகாகத்தான் இருந்தது. நான் பலகை மேல் ஏறி நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். ஓர் அசைவும் இல்லை. அப்பாடா, இதையே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து என்னை நோக்கி வந்தார்.

பலகையில் கால் வைத்தார். நின்றார். குனிந்து பார்த்தார்.

அவர் காலடியில் ஒரு நீளமான கருப்புக் கோடு, லேசாக வளைந்து போனது.

அம்மா வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். தூக்கியபடியே ஒற்றைக் காலில் நின்றார். உடம்பு ஆடியது.

நான் ஒரு கையையும் வீட்டுக்காரர் மறு கையையும் பாய்ந்து பிடித்தோம்.

அம்மா என் காதில் மெதுவாகச் சொன்னார்: “சத்தம் போடாத. பாம்பு கெடக்கு.”

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்கியவர் அவர். விடியாத இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், சருகுக்குள் கருப்பாக ஒரு கோடு தெரிந்தால் முதலில் கால் தூக்கிக்கொள்ளும், என்ன ஏது என்பதெல்லாம் அப்புறம்தான். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகிற அம்மாவுக்கு, அது மட்டும் மறக்கவில்லை.

பலகை தாங்குமா, தாங்குமா என்று மதியம் முழுக்க அந்த மனிதரைக் குடைந்திருக்கிறேன். பலகை தாங்கும். அறைக்குள் ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படி ஒற்றைக் காலில் நின்றால் அம்மா தாங்குவாரா? பார்வைக்குத்தானே என்று நாங்கள் மூன்று பேரும் சர்வசாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

(தரை வாங்கப் போகிறவர்களே, தயவுசெய்து பெட்டியைப் பிரித்துப் பரப்பச் சொல்லுங்கள். அதில் யார் நடக்கப்போகிறாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.)

சேகர் அண்ணன் உள்ளே போய் ஒரு செலெக்ட் பெட்டியைத் தூக்கிவந்து, ரஸ்டிக்கை ஒட்டியே பரப்பினார்.

“இதுலயும் ஒண்ணு ரெண்டு கோடு வரும்மா, சுத்தமா இல்லாம வராது. எப்பவும் ரெண்டு மூணு பெட்டியக் கலந்துதான் போடுவோம். ஒங்க வீட்டுல பொறுக்கிப் போடச் சொல்றேன். கோடு விழுந்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடட்டும்.”

வீட்டுக்காரர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அம்மா புதுப் பலகையில் கால் வைத்தார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். ஓர் அடி, இன்னோர் அடி. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. மறுகோடி வரைக்கும் நேராக நடந்து போனார். நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே போய்த் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் ரஸ்டிக் பலகை மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார்.

“வாணி, அங்கயே ஏன் நிக்கிற? காலத் தூக்கி வச்சு மெதுவா வா. அம்மா புடிச்சுக்கிறேன்.”

காலைத் தூக்கி வைத்துத்தான் போனேன்.