மூடியம்மா கடையின் இஞ்சிப் பொடி

அந்த மூலிகை மருந்துக் கடைக்கு அவள்தான் முதலாளி. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவள் மூடியம்மா. வாங்கிப் போகிறவர்களின் பின்னாலேயே வாசல்வரை போய், "மூடிய இறுக்கி மூடுங்க, வெயில் படாம வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள். அடுப்புக்குப் பக்கத்தில் டப்பாவை வைப்பதாக யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு அவர்கள் வீடுபோய்ச் சேர்ந்த மாதிரிதான்.

பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. பின்னறையில் வெயில் எட்டாத சுவரோரம் கதவு போட்ட அலமாரி. அதில் நிறக்கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் திறந்த தேதி அவள் கையெழுத்தில். அச்சடித்த தேதியெல்லாம் திறக்காத பாட்டிலுக்குத்தான், திறந்துவிட்டால் அதன் ஆயுசே வேறு என்பது அவள் கட்சி. பழசை யார் தலையிலும் கட்டியதில்லை.

தங்கையின் பிரசவத்துக்கு அவள் போயிருந்தபோது கடையைக் கணவர் பார்த்துக்கொண்டார். மனிதர் சும்மா இருக்கவில்லை. வெக்கையில் மனைவியின் சரக்குக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று பொடிகளை எல்லாம் ஃப்ரிட்ஜில் அடுக்கினார். ஆள் வந்தால் எடுத்துத் திறப்பார், அளப்பார், திரும்ப உள்ளே வைப்பார். குளிர்ந்த பாட்டிலை அப்படியே திறந்தால் காற்றின் ஈரம் பொடியில் இறங்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இஞ்சிப் பொடி கட்டி தட்டியது. அதைப் பாடுபட்டு உடைத்துச் சலித்தும் வைத்தார்.

அவள் பையோடு கடைக்குள் நுழைந்தபோது, தையல்காரம்மாவுக்கு அதைத்தான் அளந்துகொண்டிருந்தார். அவள் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தாள். பொடி விரலில் அப்பியது.

"அதக் குடுக்காதீங்க."

"சலிச்சுட்டேன்மா, நல்லாத்தான் இருக்கு," என்று கணவர் குரலைத் தாழ்த்தினார். "தேதியும் நீ எழுதினதுதானே."

எதிரில் பளபளவென்று ஒரு புதுக்கடை வந்திருந்தது. தையல்காரம்மாவின் காதில் விழுந்தால் தெருவுக்கே விழுந்த மாதிரி. சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் கடையின் பெயரும் தப்பும், கணவரின் முகமும் தப்பும். அவள் தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஈரம் ஏறிடுச்சுக்கா," என்றாள். "எங்க கடையிலதான் கெட்டுச்சு. இந்த வாரம் வாங்கினவங்க எல்லாருக்கும் மாத்திக் குடுக்கணும்."

கணவர் செய்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பாட்டிலை மூடிவைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

சாயங்காலம் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பியவரின் கையில் ஒரு பை நிறையப் பொட்டலங்கள்.

"வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய் எடுத்துட்டு வந்துட்டேன். நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"அத எதுக்குச் சொன்னீங்க? எங்க கடைன்னு நான் பொதுவாத்தானே சொன்னேன்."

"உன் கையில சரக்கு கெட்டுச்சுன்னு நாளைக்கு எவனாவது பேசுவான். அத என்னால கேட்டுட்டு இருக்க முடியாது."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த மனுஷன் என் வீட்டுக்காரர் என்று எதிர்க்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும் போல் இருந்தது.