படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை

போன புதன்கிழமை மதியம் ஒரு மணி. லேப்டாப்பைத் திறந்தேன் – திரை ஒரே கறுப்பு. பவர் லைட் எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, படம் மட்டும் இல்லை!

வேறு நாளாக இருந்தால் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். அன்று நான்கு மணிக்கு என் மனைவி செல்விக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு, ஃபிசிக்ஸ் டீச்சர் வேலைக்கு. பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஸ்லைடுகள் எல்லாம் இந்த லேப்டாப்புக்குள்தான்.

திருவொற்றியூரிலிருந்து ஆட்டோ பிடித்து, தண்டையார்பேட்டையில் லேப்டாப் ரிப்பேர் கடை நடத்தும் கஸ்தூரியிடம் ஓடினோம். "டிஸ்ப்ளே செத்துடுச்சும்மா" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

"நீங்களே முடிவு பண்ணிட்டா எப்டி சார்?" என்றவர், செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தார். குனிந்து பார்த்தோம். கறுப்புக்குள் மங்கலாக... எங்கள் பெண்ணின் போட்டோ!

"படம் கீது சார். பின்னால வெளிச்சம்தான் வரல." மூடியை மெல்ல அசைத்தார். ஒரு கோணத்தில் திரை பளிச்சென்று எரிந்து அணைந்தது. மூடி மடங்கும் இடத்தில் ஓடும் கேபிள் நைந்துவிட்டதாம். தினமும் திறந்து மூடுகிறோமே, பாவம், எத்தனை நாள் தாங்கும்?

"மாத்திடலாம். ஆனா கேபிள் நாளைக்குத்தான் வரும்."

"விடுங்க... எனக்கு இதெல்லாம் அமையாது" என்றாள் செல்வி. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா மேடம் இப்டி சொல்லிக்கினு! என் மானிட்டர் கீதுல்ல? ஒயர் சொருகித் தரேன், இங்கியே குந்திப் பேசுங்க." வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

நான்கு மணி. ஒளி எதிரொளிப்புப் பாடம். செல்வியின் குரல் நடுங்கியது. மானிட்டருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி, தன்னை மறந்து சத்தமாகவே கேட்டுவிட்டார்: "கண்ணாடில வலது கை இடது கையாத் தெரியுதே, அது ஏன் மேடம்?"

இன்டர்வியூ எடுத்த மூன்று பேரும் திரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போச்சுடா என்று நினைத்தேன்.

செல்வி நிமிர்ந்து, கடைச் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் காட்டினாள். "நல்ல கேள்வி! அந்தச் சுவர்க் கண்ணாடி முன்னாடி நின்னு வலது கையைத் தூக்குங்க. கண்ணாடியிலயும் அதே பக்கம்தானே தூக்குது? அது இடம் வலத்தை மாத்தலை. முன்னையும் பின்னையும்தான் மாத்துது."

நடுக்கம் எங்கே போனது? பத்து நிமிடப் பாடம் இருபது நிமிடம் ஓடியது.

சனிக்கிழமை போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! "அன்னிக்குக் கேள்வி கேட்டாங்களே, அவங்க யாரு?" என்றும் விசாரித்தார்களாம்.

எத்தனை வருடம் ஓய்ந்திருந்தால் என்ன? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஓர் ஆள் எதிரில் இருந்தால், டீச்சர் தானாக எழுந்துவிடுகிறார்.

கண்ணாடி சமாச்சாரம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டில் கேட்கப் பயம் – ஹோம்வொர்க் கொடுத்துவிட்டால்?