நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே நம்பர்

ஈஜிபுராவில் அம்புஜத்தின் கடைக்குப் பலகையில் ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 'சாமியானாக்கார அம்மா' என்றால் எந்த ஆட்டோக்காரரும் நேராக வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கணவர் பச்சைமுத்து டெம்போ ஓட்டுவார், கம்பு நடுவார், துணி கட்டுவார். பேச்சு முழுக்க அம்புஜத்தின் பொறுப்பு. ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள் அவள். தமிழில் தொடங்கிய சண்டையைக் கன்னடத்தில் நடத்தி உருதுவில் முடிக்கத் தெரிந்தவள்.

போன் வந்தால் எந்த வீடு என்று முதல் வார்த்தையிலேயே பிடித்துவிடுவாள். கல்யாண வீட்டுக்காரர்கள் வாடகை எவ்வளவு என்று ஆரம்பிப்பார்கள். சாவு வீட்டுக்காரர்கள் முகவரியில் ஆரம்பிப்பார்கள். கல்யாணத்துக்கு வண்ணத் துணி, சாவுக்கு வெள்ளை. கல்யாண வீட்டில் வேலை முடிந்தால் "போயிட்டு வரேன்" என்பாள். மற்ற வீட்டில் ஒன்றும் சொல்லாமல் வண்டியேறுவாள். ஆனால் இரண்டுக்கும் போவது ஒரே நாற்காலிதான். கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாளே வேறு வாசலில் இறங்கும். இது ஊருக்கே தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள், அவளும் சொல்லமாட்டாள்.

மாடியில் குடியிருக்கும் கிஷோர் திருப்பத்தூர்ப் பையன், ஐ.டி.யில் வேலை. அக்கா போடும் குழம்புக்கு நன்றிக்கடனாக அவன்தான் கடைக்கு ஒரு வெப்சைட் செய்துகொடுத்தான். முகப்பிலேயே அம்புஜம் சொன்ன வாசகம்: 'நல்லது கெட்டது ரெண்டுக்கும் சாமியானா, நாற்காலி, பாத்திரம், ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும்.' அதை நகரத்து மக்களே சேர்ந்து நடத்தும் ஒரு வெப்சைட் டைரக்டரியிலும் சேர்த்துவிட்டான். சம்பளம் வாங்காத எடிட்டர்கள் கடைகளின் தளங்களைப் பார்த்து, பிரிவு பிரிவாக அடுக்கிவைக்கும் இடம் அது. அபார்ட்மெண்ட்காரர்கள் எதற்கெடுத்தாலும் அதில்தான் தேடுவார்களாம். முதலில் நன்றாகத்தான் போயிற்று.

ஆடி முடியப்போகிற நேரம். ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லிவைத்திருந்த அனந்தலக்ஷ்மி என்ற பெண்வீட்டுக்காரம்மா போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அந்த மாதிரி காரியத்துக்குத்தான் போடுவீங்கன்னு மாப்பிள்ளை வீட்ல நெட்ல பாத்திருக்காங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல, அவங்க சங்கடப்படறாங்க."

அந்த வாரத்திலேயே இன்னும் சிலர் அப்படிக் கழன்றுகொண்டார்கள். அம்புஜம் கிஷோரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். டைரக்டரியில் புதிதாக விதிகள் கொண்டுவந்திருந்தார்கள். கடையைப் பற்றிய வரியில் புகழும் சொல் இருக்கக் கூடாது, இகழும் சொல்லும் இருக்கக் கூடாது. 'நல்லது' புகழ்ச்சியாம், 'கெட்டது' இகழ்ச்சியாம், இரண்டையும் வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த வரியில் பளிச்சென்று கண்ணில் படுவது, இறந்தவரைக் கிடத்தும் ஐஸ் பெட்டி. ஆகவே கடையைக் கல்யாணப் பிரிவிலிருந்து தூக்கி 'இறுதிச் சடங்கு' என்ற பிரிவில் வைத்துவிட்டார்கள்.

"நல்லதுன்னா புகழ்ச்சியா? எந்த ஊர்த் தமிழ்டா இது?"

கிஷோர் மறுத்து எழுதிப்போட்டான். விதிப்படி சரிதான் என்று பதில் வந்தது. இரண்டாவது முறை எழுதியதற்கு, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. கிழக்குப் பகுதி எடிட்டர் ஸ்ரீகண்டன் என்றும், ஜீவன் பீமா நகரில் இருக்கிறார் என்றும், தமிழர்தான் என்றும் கண்டுபிடித்தார்கள். தமிழர் என்றதும்தான் அம்புஜத்துக்கு இன்னும் கோபம் ஏறியது. புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஸ்ரீகண்டன் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் எரிந்துவிழுந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்தார்.

"என்னை எதுக்கு சார் சுடுகாட்டுல கொண்டுபோய் வெச்சீங்க?"

"அது சுடுகாடு இல்லம்மா, கேட்டகிரி."

பொறுமையாக விளக்கினார். கல்யாணப் பிரிவில் சாமியானாக்காரர்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். ஐஸ் பெட்டி கொடுக்கிறவர்கள் கிடைப்பதுதான் அபூர்வம். வீட்டில் ஒரு உயிர் போய், கைகால் ஓடாமல் தேடுகிறவனுக்கு அவள் நம்பர் முதலில் கிடைக்க வேண்டாமா? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அம்புஜத்துக்குக் காபி இறங்கவில்லை. அப்படியானால் இரண்டு இடத்திலும் போடுங்கள் என்றாள். ஒரு தளத்துக்கு ஒரு பிரிவுதான் என்றார். உங்களுக்கு இரண்டு கொடுத்தால் கேட்டரிங்காரர் ஐந்து கேட்பார் என்றார்.

"எதுல போடணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ஓனரைக் கேக்கறது இல்லம்மா. கேட்டா விளம்பரம் ஆயிடும். இது கம்யூனிட்டியோட டைரக்டரி."

"நான் அந்த கம்யூனிட்டில இல்லையா சார்?"

அதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்புஜம் விடவில்லை. எனக்கு எந்தப் பிரிவும் வேண்டாம், பெயரையே எடுத்துவிடுங்கள் என்றாள். அதற்கும் விதி இடம் கொடுக்கவில்லை. கடைக்காரர் கேட்டார் என்பதற்காக நடப்பில் இருக்கும் தளத்தை எடுக்கக் கூடாதாம். வழி இரண்டுதான். அவள் தன் தளத்திலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்தால், அவர் கல்யாணப் பிரிவுக்கு மாற்றிவிடுவார். அல்லது தளமே இல்லாமல் போக வேண்டும். டெட் லிங்க் என்றால் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும்.

"அதாவது செத்தாத்தான் எடுப்பீங்க."

"ரூல் அப்படித்தான்மா இருக்கு," என்றார் ஸ்ரீகண்டன். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் பச்சைமுத்து இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றார். ஐஸ் பெட்டியை எழுத்திலிருந்துதானே எடுக்கச் சொல்கிறார்கள், குடோனிலிருந்தா எடுக்கச் சொல்கிறார்கள்? தெரிந்தவன் எப்படியும் கூப்பிடுவான். கிஷோரும் தலையாட்டினான், இரண்டு நிமிட வேலை என்றான்.

"ஏன், அது திருட்டு வேலையா, மறைச்சு செய்யறதுக்கு?" என்றாள் அம்புஜம். "நமக்குக் கல்யாணம் எப்பிடி வருதுன்னு நெனக்கறீங்க? சாவு வீட்ல நாம எப்பிடி நடந்துக்கறோம்னு பாத்துட்டுத்தான் கூப்பிடறாங்க. கெழவனுக்கு வெள்ளை கட்டன வீட்லதான் பேத்திக்குக் கலர் கட்டியிருக்கோம். அத அழிச்சுட்டு இன்னா எழுதறது?"

பச்சைமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபத்தை வைத்து எந்த வாசலில் பந்தல் போடப்போகிறாய் என்று கேட்டார். ஆவணியில் வண்டி சும்மா நின்றால் வீட்டு நிலைமை என்னவாகும் என்று அவரைவிட அவளுக்குத்தான் தெரியும். கடைசியில், சரி, எடுத்துத் தொலை என்று கிஷோரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

மறுநாள் டிரேவர் போன் செய்தான். லிங்கராஜபுரத்தில் கல்யாண ஏற்பாடுகள் செய்கிறவன். ஷோக்கான ஆபீஸ் உண்டு. சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. எல்லாம் அம்புஜம் மாதிரி ஆட்களிடம் எடுத்து, உறை மாட்டி, ரிப்பன் கட்டி அனுப்புவான். ஆவணியில் ஒரு பெரிய கல்யாணம், இருக்கிற நாற்காலி மொத்தமும் வேண்டும் என்றான். யார் வீடு என்று கேட்டாள். அனந்தலக்ஷ்மி மேடம் வீடு என்றான்.

அம்புஜம் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏன் டிரேவர், அந்த டைரக்டரில நீ எந்த கேட்டகிரி?"

"வெட்டிங்ஸ் அக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வண்டிய அனுப்பு."

நாற்காலிகளை அனுப்பினாள், முகூர்த்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற வீட்டோடு அவளுக்கு என்ன பகை? ஆனால் அன்று சாயங்காலமே கிஷோரைக் கீழே கூப்பிட்டு, தளத்தைச் சாகடிக்கச் சொன்னாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தது அக்கா என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். என்னைப் பாதியாக வெட்டிக் காட்டுகிற இடத்தில் நான் எதற்கு நிற்க வேண்டும் என்றாள். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தளத்தை நிறுத்தினான். சில நாளில் டைரக்டரியிலிருந்து பெயர் விழுந்துவிட்டது.

அதற்கு விலையும் இருந்தது. புரட்டாசியில், பின்பக்கத்து அபார்ட்மெண்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மதுரைப் பக்கமிருந்து புதிதாக வந்த குடும்பம். ஐஸ் பெட்டி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் பொழுது சாயும்வரை தவித்திருக்கிறார்கள். நடந்துபோனால் வந்துவிடும் தூரத்தில் பெட்டி சும்மா கிடந்தது. கேள்விப்பட்டதும் ஸ்ரீகண்டனைத் திட்டிக்கொண்டே வீட்டைக் கூட்டினாள், திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். திட்டில் ஒரு பங்கு தனக்கும் உண்டு என்று அவளுக்குத் தெரியும்; அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் காலை சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாகப் போய் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகளிடம் நம்பர் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் எது நடந்தாலும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். பின்பக்கத்து கேட்டில் இருந்தவன் மஞ்சுநாத், துமகூருக்காரன். தமிழ் அரையும் குறையுமாக வரும். எதுக்கெல்லாம் கூப்பிடலாம் என்று விசாரித்தான். எல்லாவற்றுக்கும் என்றாள். அவன் நம்பரை அழுத்திவிட்டு, என்ன பெயரில் போடுவது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"பேர் ஏனு ஹாக்கலி மேடம்? கல்யாணம் போடவா, சாவு போடவா?"

"அம்புஜம்னு போட்டுக்கோப்பா," என்றாள். அவன் போட்டுவிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கேட்டுக்கு நடந்தாள்.