மாவு மில்லும் என் கம்ப்யூட்டரும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த கூத்தில் பாதி அதனால் வந்தது.

எண்பதுகளின் கடைசி. திருச்சியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அங்கேயே ஒரு ரிப்பேர் கடையில் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். கடையில் வேண்டாமென்று ஒதுக்கியவை, நானே அலைந்து தேடி வாங்கியவை என்று உதிரிகளைச் சேர்த்து, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். கடையில் வைத்துப் போட்டதும் அருமையாக ஓடியது. கண்ணே பட்டுவிடும் போல இருந்தது எனக்கு.

எங்கள் ஊர் அரியலூர். அதன் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள ஸ்குரூ டிரைவர் புடிக்கும்னா எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்கம்மா. நீங்க செஞ்ச மெஷினை நான் கண்ணால பாக்கணும். வெள்ளிக்கிழமை ரயில் ஏற அரியலூர் வரேன். மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறேன். ஓடிச்சுன்னா வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

வியாழக்கிழமை அதைப் பழைய போர்வையில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். அன்று டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் மகள் கம்ப்யூட்டர் செய்திருக்கும் சேதியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றியது. முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கரேலென்று இருந்தது. அணைத்தேன், போட்டேன். மறுபடி அணைத்தேன், போட்டேன். ஊஹூம்.

ரயில் குலுக்கலில் ஏதாவது கழன்றிருக்கும் என்று பெட்டியைத் திறந்தேன். கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி, அவற்றின் பொன் நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினேன். மெமரி சிப்புகளைக் கட்டை விரலால் அழுத்திவிட்டேன். கேபிள்களை மாற்றி மாற்றிச் சொருகினேன். பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. கரண்டும் இருக்கிறது. அப்புறம் என்னதான் கேடு?

அப்போதுதான் மூடியின் மேல் விரலை வைத்தேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. மாவு! எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். விடிந்தால் அந்த மோட்டார் சத்தமும் மாவுத் தூசியும்தான். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று, கையில் ஸ்குரூ டிரைவரோடு நேராக மில்லுக்குள் போனேன்.

"ஏங்க, உங்க தூசியால என் மெஷினே போச்சு! மனுஷங்க குடியிருக்கிற தெருவா இது, இல்ல கொட்டகையா?"

மில்காரர் வெள்ளைப் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். புருவம் நரைத்ததல்ல, மாவு. "பாப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னயே இந்த மில்லு ஓடுது. அப்பல்லாம் தூசியில நீ நல்லாத்தானே வளந்தே?"

டின்னும் தூக்குமாக வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் இன்னும் நாலு வார்த்தை கத்திவிட்டு வந்தேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

தூசியைப் பெயின்ட் பிரஷால் ஒட்டத் துடைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டேன். திரை அப்படியே இருட்டு. மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு ஆபீசர் வந்து இருட்டுத் திரையைப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னேனேம்மா" என்று ரயிலேறிவிடுவார். அழுகை வந்தது, அழுதேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, "அழறதை சாப்புட்டுட்டு அழு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுவிட்சை அணைக்கக்கூட எனக்கு மனசில்லை.

ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். மணி ஒன்று. மில்காரர் சாப்பாட்டுக்கு மோட்டாரை நிறுத்தினார். தெருவே அமைதியானது. அந்த அமைதியில் முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பீப்!

அப்பா எச்சில் கையோடு எழுந்து ஓடினார். "எழுத்து வருது! ஏய், எழுத்து வருதுடி!" ரசம் ஒழுகும் கையைக் கூப்பித் திரையைக் கும்பிட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பல்பைப் பார்த்தேன். அது பகலிலும் கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தது.

அட மண்டு! தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். மில் ஓடும்போது எங்கள் வீட்டு பல்பு பூசணிப்பூ மாதிரி மஞ்சளாகத்தான் எரியும். டியூப்லைட் கண் மட்டும் சிமிட்டும். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி என்பதால் அது ஒரு கோளாறு என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. வோல்டேஜ் பாதியாகக் குறைந்தாலும் டெஸ்டர் எரியும், அதைப் போய் நம்பினேன். கார்டைத் தேய்த்தேன், சிப்பை அழுத்தினேன், ஊராரோடு சண்டை போட்டேன், தலைக்கு மேல் எரிந்த பல்பைப் பார்க்கவில்லை!

இரண்டு மணிக்கு மில் மறுபடி ஓடியது. பல்பு மங்கியது, திரையும் சுருங்கிச் செத்தது. சந்தேகமே இல்லை. ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகும், ஆனால் அதை வாங்கத் திருச்சிக்குப் போகவேண்டும். ஒரு மணி நேரத்தில் நடக்கிற காரியமா?

எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வேறு வழியில்லை, போனேன்.

"அண்ணே, காலையில பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க. தூசி இல்லைங்க, உங்க மோட்டார் ஓடுனா எங்க வூட்டுக்குக் கரண்டு பத்தலை. மூணு மணிக்கு ஒரு அரை மணி நேரம் நிறுத்தினீங்கன்னா எனக்கு வேலை கிடைக்கும்."

"காலையில தூசின்ன, இப்ப கரண்டுங்கிற. பொழுது சாயறதுக்குள்ள மில்லையே தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லுவ போல! என்னைக் கேக்காத பாப்பா. அரைக்க வந்து நிக்கிறவங்களைக் கேளு."

வரிசையின் முன்னால் மிளகாய் டின்னோடு ஒரு அக்கா நின்றிருந்தார். "நிறுத்துறோம். ஆனா அது என்ன கழுதைன்னு எங்களுக்கும் காட்டணும்" என்றார்.

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தபோது எங்கள் ஜன்னலில் பதினைந்து தலைகள் இருந்தன. மில் நின்றது. சுவிட்சைப் போட்டேன். பீப்! எழுத்து ஓடியது. ஆபீசரை உட்காரவைத்து அவர் ஊர்ப் பெயரை அடிக்கச் சொன்னேன், அது திரையில் வந்தது. மனுஷர் முகத்தில் சிரிப்பு வந்தது. நிம்மதியாக நான் மூச்சுவிட்ட நேரம் பார்த்து, ஜன்னலில் இருந்து மிளகாய் அக்கா, "சார், சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்புங்க. இது ஓடணும்னுதான் மில்ல நிறுத்திட்டு நிக்கிறோம்!" என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. போச்சு, எல்லாம் போச்சு. ஆபீசர் என்னைப் பார்த்தார். மறைத்துப் பயனில்லை என்று, காலை ஒன்பது மணியிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சண்டை போட்டது, அழுதது, ரசம் சோறு, எல்லாம்.

"மில்லை ஓட்டச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

ஓட்டினார்கள். பல்பு மங்கியது, திரை சுருங்கி அணைந்தது. ஆபீசர் பல்பை ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க ஆபீஸ் மெஷினும் சில நேரம் இப்படித்தாம்மா செத்துப்போவுது. மெட்ராஸ்லேருந்து ரெண்டு தடவை வந்து பாத்துட்டாங்க. ஒருத்தரும் பல்பைப் பாக்கலை" என்றார். பிறகு தன் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க."

ரயிலேற்றிவிட அப்பா அவரோடு ஓடினார். ஜன்னலில் நின்ற பெண்களெல்லாம் தங்களுக்கே வேலை கிடைத்த மாதிரி சத்தம் போட்டார்கள். நின்றுபோன அரை மணி நேரத்துக்கும் சேர்த்து அன்று மில் இருட்டும்வரை ஓடியது. மிளகாய் நெடியில் நான் தும்மித் தீர்த்தேன்.

சுவருக்கு மேல் மில்காரரின் வெள்ளைப் புருவம் தெரிந்தது. "என்ன பாப்பா, தூசி வருதா?"

"வரட்டும்ணே!" என்று கத்தினேன். "நல்லா வரட்டும்!"