தொட்டிலில் கிடந்த டாங்கி

வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து குணவதி யாருடைய வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலிருந்து பாயான் பாரு பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைக்கு அவளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது ஒரே மோட்டார் சைக்கிள்தான். கல்யாணம் ஆனது, மகள் ஷர்மினி பிறந்து வளர்ந்து அவளும் ஒரு பிள்ளைக்குத் தாயானாள். மோட்டார் மாறவில்லை.

இப்போது அதன் பெட்ரோல் டாங்கிக்குள் துரு. தூள் இறங்கிக் குழாயை அடைக்க, வண்டி பாதி வழியில் நின்றது. அந்த ரகத்துக்குப் புது டாங்கி எந்தக் கடையிலும் இல்லை.

“சனிக்கிழமை பழைய பேப்பர் லோரி வரும். இரும்போட இரும்பா ஏத்திவிட்ருவோம். நான் உன்னை என் கெரெத்தாவுல கொண்டுபோய் விடுறேன்லா,” என்றார் காரில் வேலைக்குப் போகும் கணவர் வாசு.

“நீங்க எந்திரிச்சாத்தானே உங்க கெரெத்தா கிளம்பும்.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். டாங்கியைக் கழற்றி மாடிக்குத் தூக்கி வந்து, அடித்துளையைத் தக்கையால் அடைத்து, வினிகர் ஊற்றி, ஒரு பிடி நட்டுகளைப் போட்டு மூடினாள். நட்டு உருண்டு உருண்டு துருவைச் சுரண்ட வேண்டும். அதற்கு டாங்கியை விடாமல் குலுக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே தோள்பட்டை விட்டுப்போனது. கூடத்தில் பேத்தியின் ஸ்பிரிங் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, கரண்டில் தானாக ஆடுவது. டாங்கியை அதன் சாரோங் துணியில் கிடத்தி சுவிட்சைப் போட்டாள்.

மதியம் பக்கத்து வீட்டு ஹாஜரா எட்டிப் பார்த்தாள்.

“பேத்தி வந்திருக்காளாக்கா?”

“இது பேரன். சத்தத்தைக் கேளு.”

ஹாஜரா உள்ளே வந்து பார்த்துவிட்டுத் தரையைக் காட்டினாள். “உங்க பேரன் ஒண்ணுக்குப் போயிட்டான்க்கா.”

சாரோங்கிலிருந்து பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குணவதி டாங்கியை எடுத்துக் கவிழ்த்தாள். உள்ளே துரு போய்விட்டது. அடியில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். இத்தனை நாளும் அவற்றை அடைத்து வைத்திருந்ததே துருதான்.

மாலையில் வாசு வந்து டாங்கியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “சும்மா இருந்ததைச் சுரண்டி ஓட்டையாக்கிட்டே. நாளைக்கு லோரிதான்.”

தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் குணவதிக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை. டாங்கியைச் சோடாமாவுத் தண்ணீரிலும் சோப்பிலும் மாறி மாறி அலசிக் காயவைத்தாள். ஓட்டைகளைச் சுற்றிப் பளபளக்கும்வரை தேய்த்து, ஒவ்வொன்றாக ஈயம் வைத்து மூடினாள். பிறகு வெளி நடையில் பழைய பேப்பரை விரித்து, டாங்கியில் பெட்ரோல் ஊற்றி அதன்மேல் வைத்தாள்.

சனிக்கிழமை காலை லோரியின் ஒலிபெருக்கி கீழே கத்தத் தொடங்கியது. முதலில் போய் டாங்கியருகே குனிந்தவர் வாசுதான். பேப்பரைத் தடவினார், விரலை முகர்ந்தார், மறுபடி தடவினார்.

“என்னங்க?” என்றாள் குணவதி.

“காஞ்சுதான் கிடக்கு.”

அவள் டாங்கியைத் தூக்கிக்கொள்ள, வாசு அடியிலிருந்த பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

“இவ்ளோதானா அண்ணே? இரும்பு இருக்குன்னீங்க,” என்றான் லோரிக்காரன்.

“இவ்ளோதான் தம்பி.”

குணவதி சாரோங்கை வாளியில் ஊறப்போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருவதற்குள் வினிகர் வாடை போக வேண்டும்.